சாம்பிள் அண்ணனின் மட்டை

எங்கள் வீட்டுப் பீரோவுக்கு மேலே ஒரு வருஷமாக ஒரு கறுப்பு பாலித்தீன் உறை கிடந்தது. நீளமானது. மூன்று மடிப்பு மடித்து, சணல் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டது. பிரித்தால் முதலில் வருவது ஏலக்காய் வாசம். அதற்குப் பிறகுதான் உள்ளே இருக்கும் கிரிக்கெட் மட்டை வெளியே வரும். போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்த எவரும் அந்த உறையைக் கண்டதுமே, உள்ளே இருப்பது நிறம் போகக் கூடாத சரக்கு என்று சொல்லிவிடுவார்கள். வெளிச்சம் பட்டால் காய் வெளுக்கும், காற்றுப் பட்டாலும் வெளுக்கும், வெளுத்த காயை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் சாக்குக்குள் கறுப்புத் தாள் போட்டு அதற்குள் காயைக் கொட்டி மூச்சுவிட இடமில்லாமல் கட்டிவைப்போம். ஒரு மட்டையை அப்படிக் கட்டிவைத்த மனிதரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதை விற்கிற எண்ணம் இருக்கிறதா என்று சென்னையிலிருந்து ஒரு தம்பி இந்த மாதம் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். அவருக்குச் சொல்கிற பதில் ஒரு பக்கம் இருக்க, எனக்கு நானே ஒப்புக்கொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

போடியில் ஒரு கடையில் இருபத்திரண்டு வருஷம் நான் காய் பிரித்தேன். மலையிலிருந்து வரும் காயைத் தட்டில் பரப்பி, பருமன், நடுத்தரம், பொடிசு, வெடித்தது, வெளுத்தது என்று விரலால் தள்ளித் தள்ளி ஒதுக்குகிற வேலை. முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். எங்களுக்கு எதிரே, சாக்குகள் அடுக்கிய சுவரோரம், சாம்பிள் அண்ணன் நிற்பார். வீட்டில் வைத்த பெயர் அவருக்கும் இருந்தது. ஆனால் முதலாளியிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் யாரும் அதைச் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. ஏலத்துக்குப் போகிற ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு கை காய் அள்ளி, சிறிய உறையில் போட்டு, கூடவே ஒரு சீட்டு எழுதி வைப்பதுதான் அவர் வேலை. சரக்குக்காரர் பெயர், ரகம், நிறம், குறை என்று சீட்டில் வரிசையாக இருக்கும். ஏலத்தில் உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள் மூட்டையைப் பார்ப்பதில்லை. அந்தக் கைப்பிடிக் காயையும் சீட்டையும் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். ஆகவே சாம்பிள் எடுக்கிறவர் மனசு வைத்தால் மட்டமான லாட்டையும் மகாராஜா ஆக்கிவிடலாம். மேலாக நாலு நல்ல காயை அள்ளினால் போதும். இவர் தோள் முங்கக் கையை விட்டுச் சாக்கின் அடியிலிருந்து அள்ளுவார். "மேல கெடக்குறது விருந்துச் சோறு. அடியில கெடக்குறதுதேன் வீட்டுச் சோறு" என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், முதலாளிக்குச் சொந்தக்காரர் ஒருவர் மலையிலிருந்து ஒரு லாட்டு இறக்கினார். அப்படி ஒரு பச்சை. நாங்கள் எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தோம். அண்ணன் ஒரு காயை எடுத்து, வேட்டி முனையை எச்சிலில் நனைத்து, அழுத்தித் தேய்த்தார். வேட்டியில் பச்சை ஒட்டியது. பழைய காய்க்குச் சாயம் ஏற்றிப் புதுக்காயாக்கியிருந்தார்கள். குறை என்ற இடத்தில் 'சாயம்' என்று எழுதப் போனவரை முதலாளி தனியே கூப்பிட்டு, அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடச் சொன்னார். அண்ணன் சத்தம் போடவில்லை, சாமி மேல் சத்தியம் எதுவும் செய்யவில்லை. பேனாவை மூடி முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டு, "வேற ஆள வச்சு எழுதிக்கங்க மொதலாளி" என்று மட்டும் சொன்னார். லாட்டு வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. அன்றிலிருந்து அவர் எழுதும் எல்லாச் சீட்டிலும் கடைசி வரியாக 'சாயம்: இல்லை' என்று ஒன்று சேர்ந்துகொண்டது. வெளியூர் வியாபாரிகள் அந்த வரியைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்டார்கள்.

இனி மட்டைக்கு வருகிறேன். அண்ணன் இளவட்டமாக லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில், தேனிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் விளையாட சென்னையிலிருந்து ஓர் அணி வந்ததாம். மைதானத்தை ஒட்டி வாய்க்கால். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த மாதம். லாரியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கப் போனவர் வாய்க்கால் கரையில் நின்றிருக்கிறார். மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு பையன் அடித்த பந்து மூன்று தடவை தண்ணீருக்குள் போய் விழ, மூன்று தடவையும் இவர் குதித்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். கடைசி ஓவரில் பையனின் மட்டை அடியில் வெடித்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையன், தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றவரிடம் வந்து, "அண்ணா, மூணு வாட்டி எறங்கினீங்களே, இத நீங்க வச்சுக்குங்க" என்று சொல்லி, யாரிடமோ மைப் பேனா வாங்கி, மட்டையின் முகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நாலைந்து வருஷத்தில் அந்தப் பையன் இந்தியாவுக்கு ஆடினார். அதற்குப் பிறகு அவர் எங்கே போனார் என்பது உலகத்துக்கே தெரியும். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி விலை பேசினதெல்லாம் போதும்.

அண்ணனுக்கு அவர் மேல் இருந்தது வெறும் ரசனை இல்லை. அவர் ஆடுகிற நாளில் அண்ணன் ரேடியோவைச் சாக்கு மேல் வைத்துவிட்டு ஒரே காலில் நிற்பார்; அவுட் ஆனால் மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்க மாட்டார். நாங்கள் கேலி செய்வோம். "ஒங்க தம்பி இன்னைக்கு முட்டையாமே, கொழம்பு வச்சுக் குடுக்கவா?" என்று கேட்டால், "தண்ணிக்குள்ள எறங்குனவனுக்குத்தேன் தெரியும் அந்த அடியோட கனம்" என்பார். நேரிலும் டி.வி.யிலுமாகக் கோடிப்பேர் பார்த்த ஆட்டக்காரரை முதன்முதலில் கண்டுபிடித்தது தான்தான் என்று அவர் உள்ளூர நம்பினார். அப்படி நம்புவதற்கு அவரிடம் அந்த மட்டை இருந்தது.

என் வீட்டுக்காரர் இறந்தபோது மகளுக்கு ஏழு வயது. அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவி, தராசு, சல்லடை, தட்டு, சாக்குத் தைக்கிற ஊசி என்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினார்கள். அண்ணன் வழக்கம்போலத் தன் மட்டையையும் கொண்டுவந்து தராசுக்குப் பக்கத்தில் சாத்தினார். முதலாளியம்மா சந்தனக் கிண்ணத்தை நீட்ட, பெண்கள் ஆளுக்கொரு சாமானுக்குப் பொட்டு வைத்தார்கள். கிண்ணம் என் பக்கத்தில் வந்தபோது நானாகவே நகர்ந்து சுவரோடு நின்றுகொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் வா என்றும் சொல்லவில்லை. அண்ணன் கிண்ணத்தை வாங்கி நேராக என்னிடம் வந்தார். "எம் பேட்டுக்கு நீ வையி ஆத்தா." முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "அங்கன என்னத்தப் பாக்குற? பேட்டு என்னுது" என்றார். எங்கே வைப்பது என்று கேட்டேன். அதுவரைக்கும் அவரே பிடியில்தான் பொட்டு வைத்துக்கொள்வாராம். அன்றைக்கு மட்டையின் முகத்தைத் திருப்பிக் காட்டி, "கையெழுத்து இருக்க எடந்தேன் அதுக்கு நெத்தி. அங்கன வையி" என்றார். நீலக் கையெழுத்தின் மேல் ஈரச் சந்தனத்தை அப்பி, அதன் நடுவே குங்குமம் வைத்தேன். அந்த ஒரு வருஷத்தில் என்னை யாரும் மனுஷியாக நடத்திய நாள் என்று யோசித்தால் அந்த ஒரு நாள்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அதற்குப் பிறகு ஒன்பது ஆயுத பூஜைக்கு அந்த நெற்றி என்னுடையது. பழைய சந்தனம் உதிர்ந்தது போக ஒட்டியிருப்பதன் மேலேயே புதுசு வைப்பேன். அதை யாரும் சுரண்டிப் பார்த்ததில்லை, சாமி நெற்றியைச் சுரண்டிப் பார்ப்பவர் உண்டா? பூஜை முடிந்ததும் அவர் அதைக் கறுப்பு உறைக்குள் கட்டி எடுத்துக்கொண்டு போவார். கையெழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

விற்பதா வைத்திருப்பதா என்ற பேச்சு கடையில் மழைக்காலச் சளி மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை வரும். அந்த ஆட்டக்காரர் சதம் அடித்தால் வரும், கல்யாணம் செய்தால் வரும். முதலாளி விற்கிற கட்சி. "நெறம் இருக்கும்போதே தள்ளிவிட்ரணும்யா. வெல ஏறட்டும் ஏறட்டும்னு மூட்டையக் கட்டிப்போட்டு வச்சு வெளுத்துப்போய் அழுதவுகள நீ பாத்ததில்லையா?" என்பார். அதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் காத்திருந்து கெட்டவர்கள் தெருவுக்கு நாலு பேர். அண்ணனின் மனைவியும் அதே கட்சிதான். மதினிக்கு வீட்டுக் கூரை தகரம். மழை பெய்தால் பேச்சுக் கேட்காது, வெயில் அடித்தால் உள்ளே இருக்க முடியாது. "அந்தக் கட்டைய வித்தா ஒரு தளம் போடலாம்ல" என்று கடைக்கே வந்து முதலாளியிடம் முறையிட்டிருக்கிறார். வைத்திருக்கிற கட்சிக்குத் தலைவி நான். "விக்காதீகண்ணே, வெலைக்கு வாங்குனதா அது? தண்ணிக்குள்ள குதிச்சு வாங்குனது" என்று வாய் கிழியப் பேசியிருக்கிறேன். மதினியின் தகரக் கூரை என் தலைக்கு மேல் இல்லையே, பேசுவதற்கு எனக்கென்ன.

என் மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தபோது என் கட்சி மாறியது. சேர்க்கைப் பணம் கட்ட மூன்று வாரம் கொடுத்திருந்தார்கள். நகை என்று இருந்த ஒன்றும் அவள் அப்பாவின் வைத்தியத்துக்கே போய்விட்டது. வங்கியில் இன்றைக்கு வா நாளைக்கு வா என்றார்கள். நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் தட்டில் பருமனையும் பொடிசையும் கலந்து ஒதுக்கிக்கொண்டிருந்ததை எதிரே நின்றவர் கவனித்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, "பேட்டு வாங்குற சென்னைக்காரவுகளுக்குப் போன் போட்டுட்டேன் ஆத்தா. ஞாயித்துக்கெழம பேட்டப் பாக்க வர்றாக" என்றார். தன் கூரைக்கு விற்காதவர். மதினி என்ன சொன்னார் என்று கேட்டேன். "அவ மூணு நாளாப் பேசல. பேசுவா" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகளிடம் போய், வெள்ளைச் சட்டைக்கு அளவு கொடுக்கலாம் என்றேன்.

வந்தவர் விளையாட்டுச் சாமான்கள் சேகரித்து விற்பவர். தன்மையான மனிதர், செருப்பை வாசலிலேயே கழற்றினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடையில் நாங்கள் மூன்று பேர்தான். அந்தக் கல்லூரி மைதான ஆட்டத்தில் எடுத்த படம் ஒன்றை அவர் எங்கிருந்தோ பிடித்துக் கொண்டுவந்திருந்தார்; அதில் வெடித்த மட்டையோடு அந்தப் பையனும், பக்கத்தில் நனைந்த கோழி மாதிரி அண்ணனும் இருந்தார்கள். மட்டை அசல்தான் என்று அவருக்குச் சந்தேகமில்லை. கையெழுத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்றார். அண்ணன் பெருமையாக மட்டையை என் பக்கம் நீட்டினார். "ஒம் பொட்டு, நீயே தொடச்சு விடு." பஞ்சை நனைத்து, குழந்தை முகத்தைத் துடைப்பதுபோலத் துடைத்தேன். சந்தனம் கரைந்தது. பஞ்சில் முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு, பிறகு நீலம். நீலம் வந்ததும் என் கை நின்றது. மைப் பேனாவின் மை. ஒன்பது வருஷ ஈரத்தில் ஊறி, சந்தனத்தோடு சந்தனமாக ஏறியிருந்தது. மரத்தில் மிச்சமிருந்தது முதல் எழுத்தின் வளைவும், அடியில் இழுத்த கோட்டின் சாம்பல் தடமும்தான்.

வந்தவர் கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். "கையெழுத்து இல்லாம இது வெறும் உடைஞ்ச பேட்" என்றார், வருத்தமாகத்தான் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு நீல மைப் பேனாவை எடுத்து மேஜையில் வைத்தார். "தடம் நல்லாவே தெரியுது. அது மேலேயே ஒரு கோடு போனாப் போதும். நான் எதையும் பாக்கல. ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்." செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது.

பேனாவை எடுத்தது நான். நேற்று வரைக்கும் இதை என் மகளிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. மூடியைக் கழற்றி அண்ணனிடம் நீட்டினேன். "அவுக போட்ட கோட்டு மேலதானண்ணே போறோம். புதுசா நம்ம ஒண்ணும் எழுதலையே" என்றேன். அவர் பேனாவைப் பார்க்கவில்லை, மட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சாயம் ஆத்தா."

"எம்மக படிப்புண்ணே."

"தெரியும்" என்றார். கண் நிறைந்துவிட்டது. மட்டையை உறைக்குள் நுழைத்து, மூன்று மடிப்பு மடித்து, சணலைச் சுற்றினார். முடிச்சு விழ நேரமானது. எனக்கு அவர் கண்ணீர் தெரியவில்லை, முடிச்சுதான் தெரிந்தது. "பொட்டு வைக்கச் சொல்லி பேர அழிச்சது நீங்க. இப்ப எம்புள்ள பொழப்ப அழிக்கிறதும் நீங்கதேன்" என்றேன். கொட்டினால் அள்ள முடியாது என்று தெரிந்தேதான் கொட்டினேன். டீ குடித்துவிட்டு வந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்தார், பேனாவை எடுத்துக்கொண்டார், கும்பிட்டுவிட்டுப் போனார்.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மதினியின் வளையலை அடகு வைத்த பணம். பாதிக்குக்கூட ஆகாது, ஆனாலும் அதைக் காட்டி மிச்சத்துக்குத் தவணை கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நான் நிலையைத் தாண்டி அவரை உள்ளே விடவில்லை. "பேட்டு பத்திரமா இருக்கட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். ஆகவே அந்த இடம் கைவிட்டுப் போனதற்கு அவருடைய நேர்மை பாதிக் காரணம் என்றால், என்னுடைய ரோஷம் மறுபாதி. இந்தக் கணக்கை ஒத்துக்கொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது. மகள் ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, தேனியில் ரத்தப் பரிசோதனைப் படிப்பில் சேர்ந்தாள். இன்றைக்கு அங்கேயே ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால், வெள்ளை உடுப்பில் நடந்து போகிற நர்சுகளை அவள் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அண்ணன் மட்டையைக் கொண்டுவந்தார். தராசுக்குப் பக்கத்தில் சாத்திவிட்டு, கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "அழிக்க இன்னும் என்ன மிச்சம் இருக்கு?" என்று கேட்டுவிட்டு நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது எல்லாச் சாமானுக்கும் பொட்டு இருந்தது, அந்த மட்டைக்கு இல்லை. வேறு யாரையும் அவர் வைக்கவிடவில்லையாம். அதற்கடுத்த வருஷமும் கொண்டுவந்தார். அதற்கடுத்த வருஷமும். அவர் வேலையை விட்டு நிற்கும்வரை, வருஷா வருஷம் மட்டை வந்து வெறும் நெற்றியோடு திரும்பிப் போனது. என்ன பிடிவாதம் இந்த மனுஷனுக்கு என்று பல்லைக் கடித்திருக்கிறேன். வீம்புக்கென்றே செய்கிறார் என்று நினைத்தேன்.

வயசான காலத்தில் அவருக்குச் சர்க்கரை ஏறி, சிறுநீரகமும் மக்கர் செய்தது. மாதம் ஒரு தடவை ரத்தம் பார்க்க என் மகள் வேலை பார்க்கும் லேபுக்கே பஸ் ஏறிப் போவார். போடியிலேயே எத்தனையோ லேப் இருந்தன. "மாமாவுக்கு நரம்பே கெடைக்க மாட்டேங்குதும்மா. நாலு எடத்துல குத்துனாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. ஒன்னயத்தேன் கேட்டுக்கிட்டே இருந்தாக" என்று மகள் வந்து சொல்வாள். ஒரு நாள் மனசு கேட்காமல் பார்க்கப் போனேன். தகரக் கூரைதான், அப்படியேதான் இருந்தது. "வா ஆத்தா" என்றார், நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்தவர் மாதிரி. காய் விலை பேசினோம். இந்த வருஷம் மழை தப்பிவிட்டது என்றார். மதினி காபி கொடுத்தார். கேட்க வேண்டிய மன்னிப்பை நாக்கு வரைக்கும் கொண்டுவந்து, காபியோடு விழுங்கிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் அவர் ரத்தம் கொடுக்க வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மதினியே ஆட்டோவில் வந்து உறையைக் கொடுத்தார். "இது ஒங்க வீட்டுக்குத்தேன் சேரணும்னு சொல்லிட்டுப் போனாக" என்றார். நான் பிரிக்கவில்லை. எந்த முகத்தோடு பிரிப்பது? பீரோ மேல் போட்டுவிட்டேன். சென்னைத் தம்பியின் போன் வந்திராவிட்டால் இன்னும் பல வருஷம் அப்படியேதான் கிடந்திருக்கும். அவர் அன்றைக்கு வந்த வியாபாரியின் மகனாம். ஆட்டக்காரர் ஓய்வு பெற்றபின் விலை அப்பா காலத்தைப்போலப் பல மடங்காம். "தடம் கொஞ்சம் இருந்தாலே போதும்க்கா. இப்பல்லாம் அதச் சரி பண்ண ஆளுங்க இருக்காங்க, கண்டுபிடிக்கவே முடியாது" என்றார். தடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஆசை என்னை இன்னும் முழுசாக விடவில்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று மத்தியானம் சணலைப் பிரித்தேன். ஏலக்காய் வாசம் முகத்தில் அடித்தது. தடம் இருந்தது, வளைவும் கோடும், சாம்பல் நிறத்தில். மட்டையை வெளியே இழுத்தபோது, ஒரு சின்னச் சாம்பிள் உறையும் கூடவே விழுந்தது. உள்ளே பத்துக் காய், நிறம் போய் வைக்கோல் மாதிரி. கூடவே ஒரு சீட்டு, எங்கள் கடைச் சீட்டு, அவர் கையெழுத்தில். ரகம்: கிரிக்கெட் மட்டை, ஆடியது. குறை: அடியில் வெடிப்பு. கையெழுத்து: இருந்தது, பொட்டில் போய்விட்டது, அங்கே வைக்கச் சொன்னவன் நான், வைத்தவர் மேல் குற்றமில்லை. சாயம்: இல்லை. சரக்குக்காரர் என்ற இடத்தில் அவர் பெயரைத் தேடினேன். என் பெயர் இருந்தது. தேதியைப் பார்த்தேன். நான் அந்தச் சொல்லைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள்.

அப்படியானால் அத்தனை ஆயுத பூஜைக்கும் அவர் தூக்கிக்கொண்டு வந்தது என் மட்டையை. என் சரக்கை என் முன்னால் வைத்து, கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். நான் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறேன். தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மகள் லேபிலிருந்து வந்து என்னம்மா என்னம்மா என்று பதறினாள். சீட்டை அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். பேனாவை எடுத்தது யார் என்பதையும் சொன்னேன். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு, "எனக்காகத்தானம்மா எடுத்த" என்றாள். "ஆமா" என்றேன். "மாமா எனக்காகத்தேன் விக்க வந்தாக" என்றாள். அதற்கும் ஆமா என்றேன்.

இன்று காலை அந்தத் தம்பிக்கு நானே போன் செய்து சீட்டை வரி விடாமல் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் சொன்னா யாரும் வாங்க மாட்டாங்கக்கா" என்றார். "இந்தச் சீட்டோட வாங்குறவுக இருந்தாச் சொல்லுங்க தம்பி, குடுத்துடறேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மதினியின் வீட்டில் இன்னும் தகரம்தான் இருக்கிறது. வருகிற விலை எதுவானாலும் அங்கே போகட்டும். வைத்திருப்பதா விற்பதா என்று ஊரே பேசியதில் நானும் இரண்டு பக்கமும் நின்று பேசியிருக்கிறேன். எப்படி விற்பது என்று யோசித்தவர் அந்தக் கடையில் ஒருவர்தான். தம்பி பார்த்துச் சொல்கிறேன் என்றார். குரலை வைத்துப் பார்த்தால் சொல்ல மாட்டார்.

ஆயுத பூஜைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. என்னால் காத்திருக்க முடியவில்லை. கல்லை எடுத்துப் போட்டுச் சந்தனம் இழைத்தேன். மகள் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்தாள். மட்டையைச் சுவரில் சாத்தி, முகத்தைத் திருப்பி, அந்த வளைவும் கோடும் மறையும்படி நெற்றியில் அப்பினேன். சீட்டை மடித்துப் பழையபடி காய்களோடு உறைக்குள் போட்டேன். கறுப்புத் தாள் கட்டிலின் மேல் விரிந்து கிடக்கிறது. இப்போதே கட்டக் கூடாது. சந்தனம் இன்னும் ஈரமாக இருக்கிறது.